பூனைக்கும் அழலாம்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் என்ன செய்வதென்று யாரும் தடுமாறுவதில்லை. செத்தவீட்டில் பறை ஒலிக்கும், சுண்ணம் இடிப்பார்கள். பிறகு எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, கீரிமலைக் கடல், வருடம் திரும்பினால் ஆட்டைத் திவசம். அழுவதற்கும் ஆறுவதற்கும் நாள் குறித்து வைத்திருக்கிற ஊர் இது. வளர்த்த பூனை செத்தால் மட்டும் ஒரு நாளும் இல்லை. வளவு மூலையில் மாமரத்தடியில் புதைத்துவிட்டு, கை கால் கழுவி, அடுத்த நாள் வேலைக்குப் போக வேண்டியதுதான். பழைய எகிப்தில் வீட்டுப் பூனை இறந்தால் வீட்டார் எல்லோரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். கேட்காமலே மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும், இந்த வீட்டில் துக்கம் என்று. அந்த வழக்கத்தின் நியாயம் எனக்கு இப்போது நன்றாக விளங்குகிறது.

சின்னன் எங்களிடம் வந்தபோது கண் திறந்திருக்கவில்லை. மாரி மழையில் விறகுக் கொட்டிலுக்குள் தனியே கிடந்தான், தாய் திரும்பவேயில்லை. அந்த வயதுக் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. பழஞ்சீலை சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல்தான் அவனுக்குத் தாய்மடி. மூத்திரம் போவதுகூடத் தாய் நக்கிவிட்டால்தான். தாய் இல்லாத குட்டிக்கு, பால் பருக்கும் ஒவ்வொரு முறையும் ஈரப்பஞ்சால் மெல்லத் துடைத்துவிட வேண்டும். மூன்று கிழமையளவில்தான் அது தானாகப் போகப் பழகும். பசுப்பால் வயிற்றைக் கழிய வைக்கும் என்று மிருக வைத்தியர் சொன்னதால், குட்டிகளுக்கென்றே உள்ள பால்மாவைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். ஊசி கழற்றிய சிரிஞ்சில் துளித்துளியாக, குப்புறப் படுக்க வைத்தபடியே கொடுக்க வேண்டும். மல்லாத்திப் பிடித்தால் பால் சுவாசப்பைக்குள் போய்விடும். இரவிலும் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கொரு தடவை எழும்ப வேண்டும். கண் திறந்த நாளில் நீலமாக ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில் நான் இருந்தேனோ தெரியாது. ஆனால் அன்றிலிருந்து என் காலடியை விட்டு அவன் அகலவில்லை.

வளர்ந்து கடுவனாகி, மதிலேறித் திரிந்து, ஓர் இரவு வீதியில் வாகனம் மோதிச் செத்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

கையால் வளர்த்த உயிர் போனால் துக்கம் முதலில் கையில்தான் தெரிகிறது. சூடை மீன் துப்புரவாக்கும்போது தலைகளைக் கை தன்பாட்டில் ஒதுக்கி வைக்கிறது. குசினிக் கதவைச் சாத்தப் போன கை, ஒரு பூனை நுழையும் அளவுக்கு இடம் விட்டு நிற்கிறது. மனம் ஏற்றுக்கொண்ட பிறகும் கைக்கு யாரும் செய்தி சொல்லவில்லை.

அழத்தான் வெட்கமாக இருந்தது. இந்த மண்ணில் எத்தனை பேர் எத்தனை பேரைப் பறிகொடுத்தார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் இன்னும் தெருவோரம் இருக்கிறார்கள். அவர்களைக் கடந்து போகும் ஒருவர் பூனைக்காக அழுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சமூகம் துக்கமென்று ஒப்புக்கொள்ளாத துக்கங்களைப் பற்றிக் கென்னத் டோகா என்ற அமெரிக்கர் 1989இல் ஒரு நூலே தொகுத்திருக்கிறார். வெளியில் காட்ட இடமில்லாததே அந்தத் துக்கத்தை மேலும் பாரமாக்குகிறது என்பது அவர் சொல்வது. எனக்கு அது சரியாகவே பட்டது. ஆனால் என்னை ஆற்றியது நூல் இல்லை, பக்கத்து வளவு ஆச்சி.

ஆச்சி 1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட இலட்சக்கணக்கானவர்களில் ஒருவர். மழைக்குள், நாவற்குழிப் பக்கம் ஊர்ந்த அந்தச் சனத்துக்குள், இரண்டு பிள்ளைகளும் ஒரு உரப்பையுமாகத் தென்மராட்சிக்கு நடந்தவர். மாட்டைக் கட்டவிழ்த்துவிட்டவர்கள், நாய்க்குச் சோறு வைத்துவிட்டு வந்தவர்கள் என்று அந்த இரவைப் பற்றிக் கதைக்கும் எல்லோரிடமும் ஒரு வாயில்லாச் சீவனின் கதை இருக்கிறது. நான்தான் இதுவரை அதைக் காதில் வாங்கவில்லை.

வேலிக்கரையில் என் முகத்தைப் பார்த்து ஆச்சி கேட்டார்.

“என்ன பிள்ளை, பூனைக்கே அழுறாய்?”

“ஓம் ஆச்சி. சனம் சிரிக்கும்.”

“ஏன் சிரிக்குது? நானும் அழுதனான்தானே.”

அவர் விட்டுவந்த பூனையின் பேரென்ன என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “வெள்ளைச்சி. ஆட்டுப்பால் சீலைத்துணியில தோச்சுப் பருக்கி வளத்தனான்.”

கிட்டத்தட்ட ஆறு மாதம் கழித்து, 1996இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவில்லையாம், ஓடில்லையாம். எல்லோரும் பெட்டகத்துக்குள் என்ன மிச்சமென்று பார்க்க, ஆச்சி பின்வளவில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டாராம். கணவர் ஏசினாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெரிய சாவுகளும் நடந்தன. அவற்றையும் எனக்குச் சொன்னார், வெள்ளைச்சியின் கதையோடு சேர்த்து, அதே குரலில். எது பெரிது எது சிறிது என்று அவர் தராசு பிடிக்கவில்லை.

பிறகு என்னைப் பார்த்து, “உன்ர கடுவன் எப்பிடி, மீன் சாப்பிடுவானோ, சோறும் தின்னுவானோ?” என்றார். நான் சொல்லத் தொடங்கினேன்.