ஊதச் சொல்கிறார்கள்

இருட்டிய பிறகு திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் செஞ்சியைக் கடப்போர்க்குப் பழகிய காட்சி ஒன்றுண்டு. இரும்புத் தடுப்புகள், டார்ச் வெளிச்சம், வாயருகே நீளும் கருவி. ராஜகிரி இருளில் கரைந்து நிற்க, கீழே நம் மூச்சு அளக்கப்படுகிறது.

சென்ற ஆண்டு நம் பழைய மாணவர் ஒருவர் அப்படிச் சிக்கினார். நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவுப்படி குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதன்முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அவர் நம்மிடம் கடன் கேட்டார், கொடுத்தோம். குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டி வண்டியை மீட்டார். மூன்றாம் வாரமே குடித்துவிட்டு அதே வண்டியில் சென்றதாகக் கேள்விப்பட்டோம்.

தண்டனை போதவில்லையோ என்று முதலில் எண்ணினோம். அப்படியன்று. தண்டனையின் கடுமையைவிட அகப்படுவோம் என்னும் உறுதியே மனிதனைத் தடுக்கிறது. தடுப்பு நிற்கும் இடத்தையும் நேரத்தையும் ஊர் அறியும். கிளைச் சாலைகளையும் அறியும். மேலும், அபராதத்தைக் கடன் வாங்கிக் கட்டலாம். ஓட்டுநர் உரிமத்தை யாரிடம் கடன் வாங்குவது? அதனால்தான் உரிமத்தை மூன்று மாதமேனும் முடக்கும்படி சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015இல் மாநிலங்களைப் பணித்தது.

நீதிமன்றம் இன்னொரு வழியையும் முயன்றது. கே. பாலு தொடர்ந்த வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டுக்குச் சென்றது தமிழக அரசு. 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பதும் அதே அரசுதான். 2017 மார்ச்சில் சிற்றூர்களுக்குத் தூரம் 220 மீட்டராகக் குறைந்தது. ஜூலையில் நகராட்சி எல்லைகளுக்கு விலக்கு வந்தது. விற்கும் கையும் ஊதச் சொல்லும் கையும் ஒன்றாயிருக்கையில், அரை கிலோமீட்டர் எதைத் தடுக்கும்?

ஆயினும் அரசை மட்டும் குறைகூற நமக்குத் தகுதியில்லை. கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். அம்மாணவரிடம் கடனைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் குடியைப் பற்றியும் பேச வேண்டிவரும். சென்ற தை மாதம் ஒரு கல்யாண மண்டப வாசலில், தள்ளாடிய நண்பர் ஒருவர் வண்டிச் சாவியைத் தவறவிட்டார். குனிந்து எடுத்துக் கொடுத்தோம். அவர் பத்திரமாக வீடு சேர்ந்தார். அதனாலேயே அன்று நாம் செய்ததை யாரும் குற்றமென்று சொல்லவில்லை.