அளவு நோட்டில் த்ரிஷா

பாகூரில் ஏரிக்கரைப் பக்கம் திரும்பும் தெருவில், வீட்டுத் திண்ணையையே கடையாக்கி வைத்திருக்கிறார் அவர். ஊரில் எல்லோருக்கும் ‘டெய்லர் அக்கா’. பெயர்ப் பலகை கிடையாது. காலையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு. தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் அதில்தான். சில அளவுகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வார்த்தை கிறுக்கியிருக்கும். 2010-ல் ‘ஜெஸ்ஸி’. 2018-ல் ‘ஜானு மஞ்சள்’. 2022 தீபாவளிக்கு ‘குந்தவை’. படம் பார்த்துவிட்டு வந்து, “அக்கா, அதே மாதிரி வேணும்” என்று கேட்டவர்களின் ஆர்டர்கள். மூன்றுமே ஒரே நடிகை போட்ட உடுப்புகள் என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னது மகள்தான்.

மகள் வில்லியனூரில் அரசுப் பெண்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கரிக்கலாம்பாக்கம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் அன்றைக்கு அவள் ராணி. ஒருநாள் சாயங்காலம் புத்தகப் பையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள்.

“ம்மா, காலேஜ் பசங்களுக்கெல்லாம் சேர்த்து டவுன்ல ஒரு அழகிப் போட்டி வைக்கிறாங்க. நானும் பேர் குடுக்கவா?”

மெஷின் நின்றது. உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆயாவின் கையும் நின்றது.

“த்ரிஷாவும் இப்படி ஒரு போட்டியிலதானம்மா ஆரம்பிச்சாங்க” என்றாள் மகள், எதற்கும் முன்ஜாக்கிரதையாக.

ஆமாம், அப்படித்தான். 1999 செப்டம்பர் 30 அன்று ‘மிஸ் சென்னை’ பட்டம் வென்றபோது த்ரிஷா கிருஷ்ணனுக்கு வயது 16. சர்ச் பார்க் பள்ளியில் படித்த பெண். ஆசைப்பட்டது சினிமாவுக்கு இல்லை, குற்றவியல் உளவியல் நிபுணராக வேண்டும் என்பதற்கு. நடிப்பு என்ற பேச்சு வந்தபோதும் முதலில் படிப்பை முடிக்கிறேன் என்றவர். எத்திராஜ் கல்லூரியில் பி.பி.ஏ. சேர்ந்தார். ‘என் வாழ்க்கை மாறிய நாள்’ என்று அந்த செப்டம்பர் 30-ஐ அவரே பல வருஷம் கழித்தும் சமூக வலைதளத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

டெய்லர் அக்காவும் 1983-ல் பிறந்தவர்தான். த்ரிஷா மே மாதம், இவர் ஆவணி மாதம். அந்த 1999-ல் இவர் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியிருந்தார். நிறுத்தியிருந்தார் என்பதைவிட, நிறுத்தினார்கள் என்பது சரி. “பொண்ணு மேல படிச்சி என்ன பண்ணப் போவுது, தையலாவது கத்துக்கட்டும்” என்றார்கள். மறு வருஷமே, 18 முடிவதற்குள், கல்யாணம். யாரையும் குறை சொல்லி அவர் பேசியதில்லை. ஆனால் அந்த வருஷத்தைப் பற்றி யாராவது கேட்டால் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொள்வார்.

அதனால் மகள் கேட்ட கேள்விக்கு உடனே ‘வேண்டாம்’ என்றும் வாய் வரவில்லை, ‘சரி’ என்றும் வரவில்லை.

ஆயாவுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. “ஊரு பாக்க மேடையில நடக்கறதுக்கா காலேஜுக்கு அனுப்பினோம்? அதுவும் இந்தக் கலருக்கு...” என்று ஆரம்பித்து, பேத்தியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பேத்தி ஆயாவைப் போலவே நல்ல கறுப்பு. “சான் ரேச்சல் என்ன கலராம்?” என்று திருப்பிக் கேட்டாள். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் போதும். கறுப்பு நிறத்தைக் கேலி செய்பவர்களை எதிர்த்துப் பேசிப் பேசியே ‘மிஸ் புதுச்சேரி’ பட்டம்வரை போன பெண். 2025 ஜூலையில், முப்பது வயதைக்கூடத் தொடாமல் அவர் மறைந்த செய்தி டி.வி.யில் வந்தபோது, இதே ஆயாதான் “பெத்தவங்க எப்படித் தாங்குவாங்க” என்று அன்று முழுக்கப் புலம்பியவர். அதை நினைத்தோ என்னவோ, ஆயா மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.

பட்டம் வாங்குவது ஒரு ராத்திரி வேலை. அதற்குப் பிறகு என்ன என்பதுதான் டெய்லர் அக்காவுக்கு உறுத்தியது. த்ரிஷாவின் கதையிலேயே பாருங்கள். பட்டம் வாங்கிய அதே 1999-ல் வந்த ‘ஜோடி’யில் கதாநாயகி சிம்ரன், த்ரிஷா அவருடைய தோழிகளில் ஒருவர், கண் சிமிட்டினால் தவறிப்போகும் அளவுக்குச் சின்ன வேஷம். 2001 மிஸ் இந்தியா போட்டிக்குப் போனார். பெரிய கிரீடம் கிடைக்கவில்லை, ‘அழகான புன்னகை’ என்று ஒரு உபபட்டம்தான். ஃபால்குனி பாதக்கின் இந்திப் பாட்டு வீடியோ ஒன்றில் வந்தார். கதாநாயகியாக முதலில் ஒப்புக்கொண்ட ‘லேசா லேசா’ தாமதமாகிக்கொண்டே போக, ‘மௌனம் பேசியதே’ 2002 டிசம்பரில் முந்திக்கொண்டது. ஆக, பட்டத்துக்கும் முதல் படத்துக்கும் நடுவில் மூன்று வருஷத்துக்கு மேல். அந்த மூன்று வருஷத்தை யாரும் போஸ்டரில் போடுவதில்லை.

2003-ல் ‘சாமி’, 2004-ல் ‘கில்லி’. கில்லி வந்தபோது டெய்லர் அக்கா கடலூரில் தியேட்டருக்குப் போனார். மடியில் இரண்டு வயது மகன். முக்கால்வாசிப் படம் அவனைச் சமாதானப்படுத்துவதிலேயே போய்விட்டது. அதே படம் 2024 ஏப்ரலில் மறுபடி ரிலீஸ் ஆனபோது, மகளோடு உட்கார்ந்து முதல்முறையாக முழுசாகப் பார்த்தார். தியேட்டரே எழுந்து ஆட, இவர் மட்டும் உட்கார்ந்தபடி, “அப்பவே இவ்ளோ நல்லா நடிச்சிருக்காடி” என்றாராம். அந்த இருபது வருஷத்தில் அவர் பெற்றது இரண்டு பிள்ளைகள், தைத்தது எத்தனை ரவிக்கை என்று கணக்கில்லை. திரையில் இருந்தவரோ அந்த நேரத்திலும் புதுப் படங்களில் கதாநாயகியாகவே இருந்தார்.

இது சாதாரண விஷயம் இல்லை. நம் சினிமாவில் கதாநாயகனுக்கு வயது ஏற ஏற சம்பளம் ஏறும். கதாநாயகிக்கு அண்ணி வேஷம் வரும். த்ரிஷாவுக்கும் படங்கள் ஓடாத காலம் இருந்தது. ‘கட்டா மீட்டா’ என்று இந்திக்குப் போய்ப் பார்த்தார், அங்கே தொடர்ந்து இருக்கவில்லை. தெலுங்கில் ‘வர்ஷம்’ தொடங்கி ஃபிலிம்ஃபேர் விருதுகள் வாங்கினார். ‘அபியும் நானும்’ படத்தில் மகளாக நின்றார், ‘கொடி’யில் பதவிக்காக எதையும் செய்யும் அரசியல்வாதியானார். பிறகு 2018-ல் ‘96’. கிட்டத்தட்ட படம் முழுக்க ஒரே ராத்திரி, ஒரே மஞ்சள் குர்தா. அப்போது அவருக்கு 35 வயது. டெய்லர் அக்காவின் அனுபவத்தில், எந்தப் படத்துக்கும் இல்லாத ஒரு விசேஷம் அந்த மஞ்சளுக்கு இருந்தது. அதைக் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் காலேஜ் பெண்கள் இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த அம்மாக்கள். ஒருவர் துணியைக் கொடுத்துவிட்டு, “எதுக்கு, ஏன்னு வீட்ல கேட்டா, அளவெடுத்து மிச்சம் இருந்த துணின்னு சொல்லிடு” என்றாராம்.

2019-ல் ‘பேட்ட’. ரஜினி படம். அதில் சிம்ரனும் உண்டு, த்ரிஷாவும் உண்டு. தோழியாக ஓரத்தில் நின்றவர் அதே இடத்துக்கு வந்து சேர இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

அடுத்து ‘பொன்னியின் செல்வன்’. முதல் பாகம் வெளியானது 2022 செப்டம்பர் 30. சென்னைப் பட்டம் வாங்கி அன்றோடு சரியாக 23 வருஷம். பாகூர்க்காரர்களுக்குச் சோழர் ஒன்றும் அந்நியர் இல்லை. ஊர் நடுவில் இருக்கும் மூலநாதர் கோயில் சுவரெல்லாம் சோழர் காலக் கல்வெட்டுதான். அந்தப் படத்தில் 1994-ன் உலக அழகி ஐஸ்வர்யா ராய் நந்தினி, 1999-ன் சென்னை அழகி த்ரிஷா குந்தவை. இருவரும் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் யார் உலகத்துக்கு அழகி, யார் ஊருக்கு அழகி என்று தியேட்டரில் ஒருத்தரும் தராசு தூக்கவில்லை.

மகள் இதையெல்லாம் போனில் தேடித் தேடி அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், கரண்ட் போன நேரத்தில், விசிறிக்கொண்டே கேட்டார் டெய்லர் அக்கா. ஒரு இடத்தில் மட்டும் “திரும்பப் படி” என்றார். 2017-ல் யுனிசெஃப் அமைப்பு த்ரிஷாவைக் குழந்தைகள் உரிமைக்கான தன் பிரபலத் தூதராக அறிவித்த செய்தி அது. ரத்தசோகை, பெண் குழந்தைகளின் படிப்பு, குழந்தைத் திருமணம், இவற்றைப் பற்றியெல்லாம் ஜனங்களிடம் பேசுவது அவர் ஏற்றுக்கொண்ட வேலை.

“18 வயசு முடியாம கட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அவங்களும் சொல்றாங்களா?”

“ஆமாம்மா.”

கொஞ்ச நேரம் விசிறி சத்தம் மட்டும்.

“பணம் எதுவும் கட்டச் சொல்றாங்களா?” என்று கேட்டார். போன வருஷம் பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு வாட்ஸப்பில் ‘மாடலிங் வாய்ப்பு’ என்று யாரோ அனுப்பி, 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு காணாமல் போன கதை ஊருக்கே தெரியும்.

“இல்லம்மா. காலேஜ் மூலமாத்தான் பேர் குடுக்கணும். மேடம் ஒருத்தங்க கூட வராங்க.”

“நானும் வருவேன்.”

“வாம்மா.”

“செமஸ்டர் பரிட்சை நடுவுல வந்தா கிடையாது. அப்புறம் மூஞ்சிக்கு வெள்ளையா எதையாவது பூசிக்கினு நின்னன்னா, மேடைன்னுகூட பாக்க மாட்டேன், வந்து துடைச்சி விட்டுடுவேன்.”

மகள் சிரித்த சிரிப்பில், திண்ணையில் படுத்திருந்த ஆயா எழுந்து உட்கார்ந்துவிட்டார். “பங்காரி, சிங்காரின்னு ரெண்டு பொண்ணுங்க இருந்தாங்களாம் இந்த ஊர்ல. ஆட்டக்காரிங்க. அவங்க காசுலதான் ஏரிக்கு வாய்க்கா வெட்டினாங்கன்னு எங்க ஆயா சொல்லும்” என்றார், சம்பந்தமே இல்லாததுபோல. பங்காரு வாய்க்காலில் தென்பெண்ணைத் தண்ணீர் இன்றும் பாகூர் ஏரிக்கு வருகிறது. அழகாய் இருந்த பெண்களைப் பற்றி ஊர் வைத்திருக்கும் கதை அதுதான். ஆயா அதற்குமேல் விளக்கவில்லை. படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மகளைப் பஸ்ஸுக்கு விடாமல் பிடித்து நிறுத்தி அளவெடுத்தார் டெய்லர் அக்கா. நோட்டில் தேதி, தோள், கை நீளம், இடுப்பு. துணி, பெட்டியில் வைத்திருந்த அவருடைய பழைய அரக்குப் பட்டுப் புடவை.

“ஓரத்துல என்ன பேர் எழுதப் போறம்மா? குந்தவையா, ஜானுவா?” என்று எட்டிப் பார்த்தாள் மகள்.

டெய்லர் அக்கா பென்சிலை நாக்கில் தொட்டு, மகளின் பெயரை எழுதிவிட்டு, “பஸ் வந்துடும், ஓடு” என்றார்.