அம்மாவின் வாய்

ஜனவரி 9, வியாழன்

சதைச் சோதனை முடிவு வந்துவிட்டது. இடது கன்னத்தின் உட்புறம், கீழ்த்தாடையை ஒட்டிப் புற்று. "வெற்றிலை போடுவாங்களா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்: "பதிமூணு வயசுலேருந்து." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தீபாவளிக்கே ரசம் எரிகிறது என்றார். பல் வலி என்று தானே முடிவு செய்து, வாரக்கணக்கில் கிராம்பை அடக்கிக்கொண்டு திரிந்தார். வெள்ளைப் படலம் புண்ணாகி, புண் தடித்து, வாய் பாதிதான் திறக்கிறது என்ற நிலைக்கு வந்த பிறகுதான் எங்களிடம் காட்டினார்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. மலேசியாவில் வாய்ப் புற்று எந்தப் பெண்களிடம் அதிகம் என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் பார்த்தால், இந்தியப் பெண்கள்தாம் முன்னால் நிற்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்த்த வெற்றிலையை 1985இலேயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு ஒன்றே போதும் என்று 2004இல் சொன்னது. நம் சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழுக்கள் 1997 முதல் தோட்டம் தோட்டமாக வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கின்றன.

"அவங்க வந்த அன்னைக்கு நான் வேலைக்குப் போயிட்டேன்" என்கிறார் அம்மா.

ஜனவரி 14, பொங்கல்

பானை பொங்கியது. கூடவே வீடும். அம்மாவின் மைலோ டப்பாவைக் காணவில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் அதில்தான் இருக்கும். பச்சை வர்ணம் உரிந்து தகரம் தெரிகிற பழைய டப்பா; மூடியின் உள்பக்கம் சுண்ணாம்பு கல்லாய் இறுகியிருக்கும். யார் எடுத்தது என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

தம்பி ஜொகூரிலிருந்து வந்திருந்தான். அவனுக்கு வெற்றிலை மேல் கோபம் இல்லை, தோட்டத்தின் மேல்தான். "மருந்தடிச்ச கையாலதானே வெற்றிலை மடிச்சாங்க?" என்று அப்பாவிடம் சத்தம் போட்டான். அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது அம்மா கையிலிருந்த கத்தி போய் முதுகில் பம்பு ஏறியது. பாராகுவாட் களைக்கொல்லியைக் கலக்கி, காலுறையும் கையுறையும் இல்லாமல் அடித்தவர்களில் அவரும் ஒருவர். அந்த மருந்துக்கு 2002இல் தடை, 2006இல் தளர்வு, 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. தடை முழுதாக வந்தபோது அம்மா ஓய்வு பெற்றிருந்தார்.

ஆனால் இந்தப் புண்ணுக்குக் காரணம் வெற்றிலையும் புகையிலையும்தான் என்று டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டார். தம்பிக்கு அது போதவில்லை. எனக்கும் முழுதாகப் போதவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்குக்கு, போய் வெயில் ஏறும்வரை வெறும் வயிற்றோடு நிற்கிற பெண்களுக்கு வெற்றிலைதான் பசியாறல். அட்டை கடித்தால் மேலே துப்புகிற மருந்தும் அதுதான். அந்தப் பசியை யார் கணக்கில் எழுதுவது?

அம்மா அடுப்படியிலிருந்தே முடித்து வைத்தார். "பசிக்குப் போட்டேன், பழகிப்போச்சு. எனக்கு யாரும் ஊட்டிவிடல. சண்டைய நிறுத்திட்டுச் சாப்பிடுங்க."

பிப்ரவரி 19, புதன்

நேற்று அறுவைச் சிகிச்சை. காலையில் உள்ளே போனவர் விளக்கு வைத்த பிறகுதான் வெளியே வந்தார். கன்னத்தின் புண்ணையும் தாடை எலும்பில் ஒரு துண்டையும் எடுத்து, கழுத்தில் நெறி கட்டுகிற கணுக்களை வழித்துவிட்டு, இடது முன்கைத் தோலை அதன் ரத்தக் குழாயோடு பெயர்த்துக் கன்னத்துக்குள் தைத்திருக்கிறார்கள். கையில் விழுந்த பள்ளத்துக்குத் தொடைத் தோல். மணிக்கொரு முறை நர்ஸ் மிஸ்ஸி டார்ச் அடித்து, தைத்த தோல் இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார். கறுத்தால் மறுபடியும் உள்ளே போக வேண்டும்.

தொண்டையில் துளை போட்டிருப்பதால் பேச்சில்லை. பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். அம்மா படித்தது தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. கோணல் எழுத்தில் முதலில் எழுதியது: "கோழிக்கு தீனி." அடுத்து: "அப்பா மாத்திரை." கொஞ்ச நேரம் கழித்து: "டப்பா எங்க." நானும் பக்கத்துக் கட்டில் மலாய் மக்சிக்கும் சிரித்த சிரிப்பில் மிஸ்ஸி எட்டிப் பார்த்தார்.

மார்ச், நோன்பு மாதம்

வீட்டுக்கு வந்துவிட்டார். மூக்கில் குழாய். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால்மாவைக் கரைத்து, சிரிஞ்சில் ஊற்றி, கையை உயர்த்திப் பிடித்து, தானாக இறங்க விட வேண்டும். அழுத்தித் தள்ளினால் குமட்டும். அப்பா இதை என்னைவிட நன்றாகச் செய்கிறார். அவசரமே இல்லாத மனிதர். அந்தக் குணம் ஆயுளில் முதல் தடவையாக வீட்டுக்குப் பயன்படுகிறது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளுக்கு 3 வெள்ளி. நான் அரசாங்க ஆசிரியை என்பதால், உத்தரவாதக் கடிதம் கொடுத்தால் பெற்றோருக்கு அதுவும் இல்லை. கையைக் கடிப்பது பால்மாவும் பெட்ரோலும் டோலும்தான். தம்பி பணம் அனுப்புகிறான். பணத்தோடு யோசனையும் அனுப்புகிறான். சென்னை அடையாற்றுக்குக் கூட்டிப் போகலாம் என்கிறான். 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அந்தப் புற்றுநோய் நிலையத்தின் பெயர் நம் தோட்டப் பாட்டிகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் அங்கே செய்யப்போவதும் இதே அறுவை, இதே கதிர்தான். விமானத்தில் ஏறுகிற நிலையிலா இருக்கிறார் என்று கேட்டேன். நான் சிக்கனம் பார்ப்பதாகச் சித்தியிடம் சொல்லியிருக்கிறான். ஒரு வாரம் பேசவில்லை.

சித்தி தன் பங்குக்கு புற்றுக்கு நல்லது என்று டுரியான் பிளாண்டா (முள்சீத்தா) இலையை ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டார். அம்மா கோழிக் கொட்டகையில் கொசு விரட்டக் கொளுத்தச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கதிர் சிகிச்சை தொடங்கிவிட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம், மொத்தம் 30. அதற்கு முன்பே கெட்ட பற்களையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் எடுத்தால் எலும்பு ஆறாதாம்.

சூடாக்கி இளக்கிய வலைப் பிளாஸ்டிக்கை முகத்தில் போர்த்தி, அச்செடுத்து, அதை வைத்துத் தலையை மேசையோடு பூட்டுகிறார்கள். மயிரிழை அசையக் கூடாது. முதல் நாள் வெளியே வந்தபோது வலையின் கட்டங்கள் அம்மாவின் நெற்றியில் பதிந்திருந்தன. பயந்துவிட்டாரோ என்று பார்த்தேன். "அம்மனுக்கு வெள்ளிக் கவசம், எனக்குப் பிளாஸ்டிக்" என்றார். மூக்குக் குழாயோடு, குழறலாக. ஆனாலும் புரிந்தது.

புக்கிட் ரோத்தானிலிருந்து ஈஜோக் போய், லாத்தார் நெடுஞ்சாலை ஏறி, கோலாலம்பூர். 2011இல் அந்தச் சாலை திறக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று தினமும் நினைக்கிறேன். காத்திருக்கும் இடத்தில் சபாக் பெர்ணமிலிருந்து வருகிற அம்மாள் ஒருவர். எங்களைவிட இரண்டு மடங்கு தூரம். அவருக்கும் அதே கன்னம், அதே பழக்கம். இருவரும் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எந்தக் கங்காணி எந்த லயத்துக்காரியோடு ஓடினான் என்பது வரை மற்ற எல்லாம் பேசுகிறார்கள்.

ஏப்ரல் கடைசி

மகளுக்கு எஸ்.பி.எம். பரீட்சை முடிவு. தமிழ் இலக்கியத்திலும் ஏ. பேத்தி கைப்பேசியில் காட்டியதும் அம்மா தலையணைக்கு அடியிலிருந்து ஐம்பது வெள்ளி நோட்டை எடுத்து நீட்டினார். எனக்குப் பெட்ரோலுக்குக் கொடுக்கச் சொல்லி தம்பி அனுப்பிய நோட்டு அது. வாங்கிக்கொள் என்றேன்.

மே 6, செவ்வாய்

மோசமான வாரம். வாயெல்லாம் வெந்து, எச்சில் கயிறாகத் தொங்குகிறது. விழுங்கினால் கண்ணில் நீர். கழுத்துத் தோல் கறுத்து உரிகிறது. வலிக்கு மார்ஃபின் திரவம். இன்று காலை கார் சாவியை எடுத்ததும், "நான் வரல" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். நான் கெஞ்சினேன், பிறகு கத்தினேன். தம்பி தொலைபேசியில் அழுதான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

அப்பா உள்ளே போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். "டப்பாவ நான்தான் எடுத்தேன். கொட்டகையில கூரை இடுக்குல இருக்கு. இந்தக் கதிர் லைட்ட முடிச்சிட்டு வா, கையில கொடுத்துடறேன்" என்றார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. ஐம்பது வருடக் குடித்தனத்தில் அவர் சொன்ன முதல் பொய் என்று அம்மா நினைத்திருக்கலாம், அல்லது முதல் உண்மை என்று. எழுந்து சேலை மாற்றினார்.

ஜூன் 21, சனி

கதிர் முடிந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. குழாய் எடுத்தாகிவிட்டது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்துத் தாடையைத் திறக்கும் பயிற்சி. அடுக்கு கூடுகிற அன்று குணம் நன்றாக இருக்கும். குறைகிற அன்று யாரும் பக்கத்தில் போகக் கூடாது. உப்பும் புளிப்பும் தெரியவில்லை, இனிப்பு மட்டும் எட்டிப் பார்க்கிறது. அப்பா கஞ்சியில் வெல்லம் போட்டுக் கொடுக்கிறார், தனக்குச் சர்க்கரை நோய் இருந்தும் தானும் அதையே குடிக்கிறார்.

டப்பா உண்மையாகவே கொட்டகையில்தான் இருந்தது. அம்மா உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டுக் கழுவி, ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். வெற்றிலைத் தட்டை அம்மா எடுக்கலாமா கூடாதா என்று உறவுக்குள் ஒரு குசுகுசு. அம்மாவே எடுத்தார், காம்பு ஒடிந்த வெற்றிலைகளைப் பொறுக்கி வெளியே போட்டார். "தட்டுல இருக்கலாம், வாய்லதான் கூடாது" என்று கேட்டவருக்கெல்லாம் சொன்னார்.

போன வாரம் பழைய தோட்டத்து மண்டபத்துக்குப் பல் மருத்துவக் குழு வந்திருந்தது. அம்மா தன் கூட்டாளிகள் மூவரை இழுத்துக்கொண்டு போனார். ஒருவர் பாதி வழியில் கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டார். ஒருவருக்கு ஒன்றுமில்லை. மூன்றாமவருக்கு நாக்கோரத்தில் வெள்ளைத் தழும்பு. நிபுணரைப் பார்க்கக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அவர் மகனுக்கு லீவு கிடைக்காதாம். வியாழக்கிழமை என் காரில் இடம் இருக்கிறது என்று அம்மா என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார். அன்றைக்குப் பள்ளியில் எனக்கு இரண்டு சோதனைத் தாள் திருத்த வேண்டியிருக்கிறது. தம்பிக்கு ஃபோன் போட்டேன். புதன் இரவே வந்துவிடுவதாகச் சொன்னான்.