ஏரீஸ் ஓடிப்போன பிறகு

நான் ஒரு பொய் சொன்னேன். அதை நம்பிய ஒருவர், பல வருடங்களாகச் சேர்த்துவைத்த ஒன்றை இழந்தார். நடந்தது முழுவதையும் இங்கே சொல்கிறேன்.

வோலிஷன் நிறுவனம் உருவாக்கிய ஃப்ரீஸ்பேஸ் 2 என்ற விண்வெளிப் போர் விளையாட்டு 1999இல் வந்தது. மிஷன்களை அமைக்கும் ஃப்ரெட் என்ற கருவியையும் அதோடு சேர்த்தே கொடுத்தார்கள். 2002இல் மூல நிரலும் வெளியானது. அந்தத் தாராளத்தால்தான் ரசிகர்கள் அதற்குப் புதிய மிஷன்கள் செய்துகொண்டே இருக்கிறார்கள். நானும் ஒன்று செய்தேன். அதுதான் என் முதல் மிஷன். நாங்கள் ஐந்து பேர், வெவ்வேறு ஊர்களில் இருந்தபடி சேர்ந்து உருவாக்கிய தொடரில் அது இரண்டாவதாக வந்தது.

எதிரிகள் ஷிவன்கள். அவர்களுடைய க்ரூஸர் வகைகளில் ஒன்றின் பெயர் ராட்சசா. அந்தப் பெயரைப் பார்த்த பிறகு எனக்கு வேறு கப்பல் வேண்டியிருக்கவில்லை. ஆட்டக்காரரின் கண்ணில் முதலில் படும்படி அதை நிறுத்தினேன். காவலுக்கு ஏரீஸ் என்ற அணியில் நான்கு போர் விமானங்கள். கப்பலும் நான்கு விமானங்களும் அழிந்தால், தளத்துக்குத் திரும்பும்படி உத்தரவு வரும். ராட்சசா வெடித்தால் மிச்சமிருக்கும் விமானங்கள் தப்பியோடும்படியும் அமைத்தேன். அந்த யோசனையில் எனக்கு மிகுந்த பெருமை.

பிழை அங்கேதான் இருந்தது. உத்தரவுக்கான நிபந்தனையில் ‘அழிந்தால்’ என்று மட்டும் வைத்திருந்தேன். ‘அழிந்தாலோ வெளியேறினாலோ’ என்று ஃப்ரெட்டில் தனியாக ஒரு நிபந்தனை இருக்கிறது. நான் அதைப் படிக்கவில்லை. களத்தைவிட்டுப் போய்விட்ட விமானம் இனி அழியாது. நிபந்தனை அந்த நொடியே செத்துவிடும். ஆட்டக்காரர் எதிரியே இல்லாத வெட்டவெளியில், வராத உத்தரவுக்காகக் காத்திருப்பார்.

பத்துப் பன்னிரண்டு முறை ஆடிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏரீஸைத்தான் முதலில் அழித்தேன். பாதி முறை, அடிபட்டாலும் சாகாத சீட் கோடைப் போட்டுக்கொண்டே ஆடினேன். எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு கப்பலை நானே நிறுத்திவிட்டு, அதை முதலில் அடித்தால் என்ன ஆகும் என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

எங்கள் ஐவரில் ஒருவர், மிஷன்களைச் சோதிப்பதையே தன் பங்காக எடுத்துக்கொண்டவர். என்னைவிட வயதில் மூத்தவர். இரவு வேலை முடிந்து வந்து ஆடுவார். அவர் ராட்சசாவை முதலில் அடித்தார். ஏரீஸ் ஓடிப்போனது. பிறகு எதுவும் நடக்கவில்லை. இந்த விளையாட்டில் நடுவில் சேமித்துவைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் 25 நிமிடம், முதலிலிருந்து. ஐந்து முறை தோற்றால், இந்த மிஷனைத் தாண்டிப் போகிறீர்களா என்று விளையாட்டே கேட்கும். அந்தக் கேள்வி வரும்வரை ஆடிவிட்டுத்தான் அவர் எனக்கு எழுதினார். தான் ஏதாவது தவறாக ஆடுகிறோமோ என்றும் கேட்டிருந்தார்.

ஃப்ரெட்டைத் திறந்தேன். இரண்டு நிமிடத்தில் பிழை கண்ணில் பட்டது. பதில் எழுதியது அதற்குப் பிறகுதான். தயவுசெய்து இந்த வரிசையைக் கவனியுங்கள். எல்லாம் தெரிந்தேதான் எழுதினேன். என் கணினியில் சரியாக ஓடுகிறது, உங்கள் கோப்புகள் கெட்டிருக்கும், விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள் என்றேன். மற்றவர்கள் பல மிஷன்கள் செய்தவர்கள். இவனுக்கு நிபந்தனை எழுதவே தெரியவில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அவ்வளவு சின்னப் பயம்.

அன்றிரவே பிழையைத் திருத்தி, சில சின்ன மாற்றங்கள் என்று மட்டும் குறித்து, புதிய கோப்பை அனுப்பினேன்.

அவர் நான் சொன்னபடியே செய்தார். விளையாட்டு இருந்த ஃபோல்டரை முழுதாக அழித்தார். அவருடைய பைலட் கோப்பும் அதற்குள்தான் இருந்தது. பதவி, பதக்கங்கள், சுட்டு வீழ்த்திய கணக்கு எல்லாமே அந்த ஒரு கோப்பில்தான் இருக்கும். அதற்கு அவர் வேறு நகல் வைத்திருக்கவில்லை. நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுத எனக்கும் தோன்றவில்லை. நான் யோசித்ததெல்லாம் என்னைப் பற்றி மட்டுமே.

இரண்டு நாள் கழித்து அவர் எழுதினார். மிஷன் இப்போது நன்றாக ஓடுகிறதாம். நான் சொன்னதுதான் சரியாம், கோப்புகள்தான் கெட்டிருந்தனவாம். பைலட் போய்விட்டதால் என்ஸைன் பதவியிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறாராம். பழைய பெயரையே வைத்துக்கொண்டாராம். கடைசியில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்.

சரியானதில் மகிழ்ச்சி என்று பதில் போட்டேன். உண்மையை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.