காலம் காட்டும் சொல்

கடற்கரைப் பங்கு ஒன்றில் நான் பொறுப்பேற்று இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. மாலை வேளைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலம் கற்பித்து வந்தேன். அன்றைய பாடம், வாக்கியத்தில் வினைச்சொல்லை இனங்காணுதல்.

செயலைக் குறிப்பது வினை என்று தொடங்கினேன். அவ்விளக்கம் நெடுந்தொலைவு செல்லவில்லை. 'வாட்டர்' என்றால் தண்ணீர், பெயர்ச்சொல். 'வாட்டர் த பிளான்ட்ஸ்' என்றாலோ அதே சொல் வினையாகி, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறது. தமிழில் சொல்லின் ஈறு பெரும்பாலும் அதன் இனத்தைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் அது நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். மேலும், 'இஸ்' எந்தச் செயலையும் குறிப்பதில்லை. ஆயினும் அது வினையே. பிள்ளைகள் விழித்தனர்.

குருமடத்தில் மெய்யியல் பயின்றபோது கற்றது நினைவுக்கு வந்தது. வினைச்சொல் தன் பொருளோடு காலத்தையும் உணர்த்தும் என்பார் அரிஸ்டாட்டில். சொற்களை நான்காக வகுத்த தொல்காப்பியரும், எட்டாக வகுக்கும் ஆங்கில இலக்கணத்தாரும் இதில் ஒன்றுபடுகின்றனர். எனவே, "வாக்கியத்தில் 'நேற்று' என்பதைச் சேர்த்துப் பாருங்கள். எந்தச் சொல் உருமாறுகிறதோ அதுவே வினை" என்றேன். 'சிங்ஸ்' என்பது 'சாங்' ஆயிற்று. 'இஸ்' என்பது 'வாஸ்' ஆயிற்று. முகங்கள் மலர்ந்தன.

பிறகு, தந்தையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒரு சிறுவன், 'மை ஃபாதர் ஃபிஷர்மேன்' என்று எழுதியிருந்தான். பிழைக்குக் காரணம் எனக்குத் தெரிந்ததே. 'என் அப்பா மீனவர்' என்பது தமிழில் நிறைவான வாக்கியம். பெயரே அங்குப் பயனிலையாக நிற்கும். ஆங்கிலம் அதை ஏற்காது. சிவப்பு மையால் நடுவே 'இஸ் அ' என்று எழுதிக் கொடுத்தேன்.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "சாமி, 'இஸ்'ஸா, 'வாஸ்'ஸா?"

அருகிலிருந்தவன் என் காதோடு சொன்னான்: "அவங்க அப்பா போன வருஷம் கடல்ல போயிட்டாங்க, சாமி."

நான் தலைகுனிந்தேன். என் பங்கு மக்களின் துயரம் எனக்குத் தெரியவில்லை. அவனது பிழை மட்டும் தெரிந்தது. தமிழ் வாக்கியம் அவனிடம் காலம் கேட்கவில்லை. அதில் அவன் தந்தை இருந்தபடியே இருந்தார். ஆங்கிலமோ, இருக்கிறாரா, இருந்தாரா என்று சொல்லாமல் அவனை நகர விடவில்லை. வினைச்சொல் இன்னதென்று அவ்வறையில் என்னைவிட நன்றாக அறிந்தவன் அவனே.

பேனாவை அவனிடம் நீட்டினேன். 'இஸ்' என்பதை அடித்துவிட்டு 'வாஸ்' என்று எழுதினான். சற்று யோசித்து, கீழே நான் கேட்காத இன்னொரு வாக்கியத்தையும் எழுதினான்: 'ஐ ஆம் ஹிஸ் சன்.' வினைச்சொல்லின் அடியில் கோடும் இட்டான்.

அதில் நான் திருத்துவதற்கு எதுவும் இருக்கவில்லை.