புதன்கிழமைக் கோலா

கறி தின்கிற வீடு என்று பெயர்தானே ஒழிய, எங்கள் பக்கத்தில் வாரத்தின் ஏழு நாளும் கறி தின்றுவிட முடியாது. செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு. சனி பெருமாளுக்கு. திங்களைச் சிவனுக்கென்று சிலர் எடுத்துக்கொள்வார்கள், வியாழனைச் சாய்பாபாவுக்கென்று வேறு சிலர். ஞாயிறு ஒன்றுதான் முழுச் சுதந்திரம். அன்று கறிக்கடையில் விடியற்காலையிலேயே கூட்டம். இத்தனை கழித்தலுக்கும் பிறகு எந்தச் சாமியும் உரிமை கொண்டாடாமல் மிஞ்சுவது புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று பெரியவர்கள் சொன்னது வேறெதற்கோ. ஆட்டுக்கறிக்கும் அது பொருந்தத்தான் செய்கிறது.

ஆனால் புதன் வேலைநாள். மாலை ஆறரைக்கு வீடு வந்து சேர்ந்து, எட்டுமணிக்குள் ஐந்து பேருக்குச் சோறு போட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பின் நிதானத்துக்கு அங்கே இடமில்லை. ஆகவே சில வருடங்களாகப் புதனிரவில் எங்கள் வீட்டில் கோலா உருண்டைக் குழம்பு. கோலா என்றதும் புட்டியில் அடைத்த பானம் நினைவுக்கு வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை: இது கொத்துக்கறியில் மசாலாவும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்து உருட்டுவது. செட்டிநாட்டு விருந்துகளில் எண்ணெயில் பொரித்து இலையில் வைப்பார்கள்; உடையாமலிருக்க வாழைநாரைச் சுற்றிப் பொரிப்பதும் உண்டு. வாழைப்பூவிலும் சேனைக்கிழங்கிலும் சைவக் கோலா செய்வார்கள். (கோளா என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். எந்த 'ல'வைப் போட்டாலும் உருண்டை உடைவதில்லை.)

கறியைக் கொத்தி உருட்டாத தேசம் குறைவு. கோஃப்தா என்ற சொல் இடிப்பது, நசுக்குவது என்ற பொருளுடைய பாரசீக வினையிலிருந்து வந்தது. பழைய ரோமாபுரியின் அபீசியஸ் சமையல் நூலில் கொத்திய கறிக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. தங்கள் தேசிய உணவென்று ஸ்வீடன்காரர்கள் கருதுகிற இறைச்சி உருண்டை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசர் 12ஆம் சார்லஸ் துருக்கியிலிருந்து கொண்டுவந்த சமையற்குறிப்பு என்று 2018இல் அந்நாட்டின் அதிகாரபூர்வ ட்விட்டர் பக்கமே அறிவிக்க, பலர் மனமுடைந்து போனார்கள். போரில் தோற்று ஒட்டோமான் மண்ணில் சில ஆண்டுகள் தஞ்சம் புகுந்திருந்தவர் அந்த அரசர். அவர் கைப்பையில் குறிப்பு இருந்ததா என்பதில் எனக்கு அக்கறையில்லை. எங்கே தோன்றியிருந்தாலும் காரணம் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்: கறி குறைவு, வாய் அதிகம், அந்த வாய்களில் சிலவற்றில் பல் இல்லை.

பல் என்றதும் பொருநராற்றுப்படை நினைவுக்கு வருகிறது. கரிகாலனிடம் விருந்துண்ட பொருநன், இரவு பகலாக ஊன் தின்றதில் தன் பற்கள் கொல்லையை உழுத கொழுவைப்போல மழுங்கிப்போயின என்கிறான். மிகுதியால் மழுங்கிய பல் அது. வறுமையாலும் வயதாலும் பல்லை இழந்தவர்களைப் பற்றி யாரும் ஆற்றுப்படை பாடவில்லை.

என் மாமியாருக்கு எழுபத்து நான்கு வயது. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சில வருடங்களுக்கு முன்பு ஒருநாள், "நான் கறி விட்டுட்டேம்மா" என்றார். மாமா காலமாகி அதிக நாளாகியிருக்கவில்லை. ஏதோ வேண்டுதல் என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார்கள். வயதானவர்கள் ஒன்றை விட்டுவிட்டதாகச் சொன்னால் உடனே அதில் ஒரு துறவைக் கண்டுவிடுகிறது நம் மனம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தட்டைக் கவனித்து வந்தேன். கறிக்குழம்பின் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வார், துண்டை விலக்கிவிடுவார். விரதக்காரருக்கு ஆட்டுச்சாறு மட்டும் ஆகுமா? கீழ்வரிசைக் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் போய்விட்டிருந்தன. கட்டிய பல்செட்டு ஈறில் உரசிப் புண்ணாக்கியதால் தண்ணீர் டப்பாவிலேயே கிடந்தது. மெல்ல முடியவில்லை என்று சொல்வதைவிட விட்டுவிட்டேன் என்பது அவருக்குக் கௌரவமாக இருந்திருக்கிறது.

மறுமுனையில் என் மகன், எட்டு வயது. கறித்துண்டை வாயில் போட்டு நார்நாராக்கி, விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பான். பல் முளைத்தும் மெல்லாதவன் ஒருபுறம், மெல்ல ஆசையிருந்தும் பல்லில்லாதவர் ஒருபுறம். கொத்துக்கறிதான் வழி என்பதற்குப் பெரிய யோசனை தேவைப்படவில்லை.

செய்முறைக்கு வருகிறேன். ஞாயிறன்று கறி வாங்கும்போதே எலும்பில்லாத தொடைக்கறி அரைக்கிலோ தனியாகக் கொத்தி வாங்கிவிட வேண்டும். கொழுப்பை அடியோடு நீக்கச் சொல்லாதீர்கள். கொழுப்பில்லாத உருண்டை வெந்ததும் ரப்பர்ப் பந்தாகிவிடும். உறைபெட்டியில் வைத்ததைச் செவ்வாய் இரவு கீழ்த்தட்டுக்கு மாற்றினால் புதன் மாலைக்குள் இளகியிருக்கும். செவ்வாய்க்கிழமையன்று கறியைத் தொடலாமா என்ற பிரச்சினையில், சமைப்பதுதான் ஆகாது, இடம் மாற்றுவது கணக்கில் வராது என்று அத்தை தீர்ப்பளித்திருக்கிறார். கறி சில்லென்றிருப்பதும் நல்லதே. கொழுப்பு உருகிக் கையில் ஒட்டாது.

கழுவினால் நன்றாகப் பிழிந்துவிட வேண்டும். உருண்டை உடைவதற்கு முதற்காரணம் தண்ணீர். பத்துச் சின்ன வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய், ஆறு பல் பூண்டு, விரல்நுனி அளவு இஞ்சி, கால்மூடித் தேங்காய், ஒரு தேக்கரண்டி சோம்பு, ஒரு தேக்கரண்டி கசகசா, சிறு துண்டுப் பட்டை, இரண்டு கிராம்பு. இத்தனையையும் சொட்டுத் தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். (வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் கசகசாவை மறந்துவிடுங்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள், முந்திரி போதும்.) கறியை மிக்சியில் விட்டுவிட்டு இரண்டே சுற்று. மையாக அரைத்தால் உருண்டைக்குள் பொலபொலப்பு இருக்காது.

பலர் கொத்துக்கறியை முதலில் மஞ்சள் போட்டு வேகவைத்து அல்லது வதக்கி, பிறகு அரைத்து உருட்டுகிறார்கள். எண்ணெயில் பொரிப்பதற்கு அது சரி. நேரே குழம்பில் போடுவதற்குப் பச்சைக் கறிதான் வேண்டும் என்பது என் கட்சி. உப்புப் போட்டுப் பிசையும்போது பச்சைக் கறியிலிருந்து பசைபோன்ற ஒரு புரதம் வெளிவருகிறது. சூட்டில் அதுதான் இறுகி உருண்டையைப் பிடித்துக்கொள்கிறது. வெந்த கறியில் அந்தப் பசை முன்பே இறுகி வீணாகியிருக்கும். ஆகவே உப்பை முதலிலேயே போட்டு, சப்பாத்தி மாவைப்போல இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டும். பிறகு மசாலா, நான்கு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு, ஒரு பிடி மல்லித்தழை. பொட்டுக்கடலை ஏற்கனவே வறுபட்டது. கறி விடும் சாற்றை வாங்கி வைத்துக்கொள்ளும். முட்டை தேவையில்லை. உள்ளங்கையில் நல்லெண்ணெய் தடவிப் பெரிய நெல்லிக்காய் அளவில் உருட்டினால் 24 வரும்.

குழம்பில் அதிசயம் ஒன்றுமில்லை. நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயமும் இரண்டு தக்காளியும் வதங்கியதும் மிளகாய்த்தூள், மல்லித்தூள், மூன்று தம்ளர் தண்ணீர். அகலமான சட்டியாக இருக்கட்டும். தளதளவென்று கொதிக்கும்போது ஒரே ஓர் உருண்டையை மட்டும் வெள்ளோட்டம் விட வேண்டும். இரண்டு நிமிடம் அது குலையாமல் நின்றால் மற்றவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கலாம். குலைந்தால் மாவில் இன்னும் ஒரு கரண்டிப் பொட்டுக்கடலை. எல்லாம் உள்ளே போன பிறகு கரண்டிக்கு வேலையில்லை. துணியால் சட்டியின் காதுகளைப் பிடித்து ஒரு சுழற்று, மூடி போட்டு, சிறுதீயில் 15 நிமிடம். முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்புறத்தில்தான் இருக்கும். கொத்தும்போது அவை உள்ளேயெல்லாம் கலந்துவிடுகின்றன. அதனால்தான் கொத்துக்கறி நடுப்பகுதி வரை 71 டிகிரி செல்சியஸ் எட்டியாக வேண்டும் என்கிறார்கள். நெல்லிக்காய் அளவு உருண்டைக்குக் கொதிக்கும் குழம்பில் அந்த நேரம் தாராளம். சந்தேகமிருந்தால் ஒன்றைப் பிட்டுப் பார்க்கலாம், உள்ளே சிவப்பு இருக்கக் கூடாது. கடைசியாக அரைத்த தேங்காய் கொஞ்சம், ஒரே கொதி. பக்கத்து அடுப்பில் அதற்குள் சோறு வெந்திருக்கும். மொத்தம் 50 நிமிடம். பொரித்ததுதான் வேண்டுமென்று பையன் அடம்பிடிக்கும் புதன்களில் ஏழெட்டைப் பணியாரச் சட்டிக் குழிகளில் துளித்துளி எண்ணெய் விட்டுப் புரட்டி எடுப்பேன்.

இனி எண்ணிக்கை. என் பிறந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ கறியில் ஏழு பேர் சாப்பிட்டோம். கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அதிகாரம் என்று நினைப்பீர்கள். கரண்டி அம்மா கையில்தான் இருந்தது. ஈரலும் நல்லியெலும்பும் அப்பாவுக்கு, நல்ல துண்டுகள் அண்ணன்களுக்கு, பிறகு நாங்கள் பெண்கள். கடைசியில் அம்மா சட்டியிலேயே சோற்றைப் போட்டுத் துடைத்துப் பிசைந்து சாப்பிடுவார். "எனக்குச் சட்டிச்சோறுதாண்டி பிடிக்கும்" என்பார். குழம்பில் கிடக்கும் துண்டுகளை யாரால் எண்ண முடியும்? ஒரு துண்டு சதை, ஒரு துண்டு சவ்வு, ஒரு துண்டு வெறும் எலும்பு. மூன்றும் ஒன்று, ஒன்று, ஒன்றுதான். கோலா வேண்டுமென்று நாங்கள் கேட்கும்போதெல்லாம் அம்மா தட்டிக்கழித்தார். "உருண்டை பிடிச்சா அது கணக்குக் கேட்கும்" என்று ஒருமுறை சொன்னார். வேலை அதிகம் என்பதற்கான சாக்கு என்று அக்காவும் நானும் பேசிக்கொண்டோம்.

இங்கே சாப்பிட உட்காருவதற்கு முன்பே ஐந்து கிண்ணங்களில் நான்கு நான்காகப் போட்டு வைத்துவிடுகிறேன், என்னுடையதையும் சேர்த்து. முதல் சில வாரங்கள் அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "ஆம்பளைங்க சாப்பிட்டு எழட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அவரது கிண்ணத்தில் இருந்த நான்கில் இரண்டைப் பையன் தட்டுக்குத் தள்ளுவார். அவன் திருப்பித் தள்ளுவான். அவனுக்கு நான்கே அதிகம். மூன்றாவது புதனோ நான்காவது புதனோ, அவர் ஓர் உருண்டையைச் சோற்றில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கி, குழம்போடு பிசைந்து வாயில் வைத்ததைப் பார்த்தேன். கறி விட்டதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. "கசகசா இன்னும் கொஞ்சம் போடலாம்" என்றார்.

ஐந்து நான்கு இருபது, மீதி நான்கு. இந்த நான்கின்மேல் என் கணவருக்கு எப்போதும் ஒரு கண். மகளுக்குப் பதின்மூன்று வயது, கணக்கில் கெட்டிக்காரி. கொஞ்சம் சின்னதாக உருட்டி 25 ஆக்கிவிட்டால் ஆளுக்கு ஐந்து, சண்டையே இல்லை என்று ஒருநாள் சொன்னாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அத்தைதான் ஒப்பவில்லை. துடைத்து வைத்த சட்டி வீட்டுக்கு ஆகாது, யாராவது வந்தால் என்ன போடுவாய் என்றார். ஒன்பது மணிக்கு மேல் எங்கள் வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள்? இருந்தாலும் 24 என்பதே நிலைத்துவிட்டது. மீதி நான்கையும் சூடாறியதும் ஒரு சிறு பாத்திரத்தில் மூடிக் குளிர்பெட்டியில் வைப்பது வழக்கம், பிள்ளைகளின் மறுநாள் மதிய டப்பாவுக்கு.

காலையில் திறந்து பார்க்கும்போது பெரும்பாலும் மூன்றுதான் இருக்கும். கணவர் மேல் சந்தேகப்பட வழியில்லை, அவர் படுத்தால் கட்டை. அத்தைக்கு வியாழக்கிழமை விரதம். பன்னிரண்டு மணி அடிப்பதற்கு முன்பே நடந்துவிட்ட காரியம் என்று நானே வைத்துக்கொண்டு, மகளுக்கு இரண்டும் பையனுக்கு ஒன்றுமாக டப்பாவில் எடுத்து வைக்கிறேன்.