கண்ணுக்கு எட்டும் உயரம்

வாணம் என்றவுடன் எவ்வளவு உயரம் போயிற்று என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். திரும்பி வந்ததா என்று கேட்பாரில்லை. 1780-ல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியின் சேனை ஏவிய இரும்புக் குழாய் வாணங்களும் சரி, 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து கிளம்பிய ராக்கெட்டும் சரி, திரும்பி வருவதற்காகப் போனவை அல்ல.

வெம்பாக்கத்தில் நம் மாணாக்கர் விடும் வாணம் வேறு ஜாதி. காலியான பிளாஸ்டிக் சோடாப் புட்டி, அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பினால் அடித்த காற்று: இவ்வளவே. அடைபட்ட காற்று நீரைக் கீழே தள்ள, புட்டி மேலே பாய்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி கண்ணெதிரே விளங்கிவிடுகிறது.

"இன்னும் நாலு அடி காற்று அடிக்கலாம், ஸார்!" என்று பையன்கள் கெஞ்சுவார்கள். நாம் இசைவதில்லை. மூக்கு கனம் போதாதா, சிறகு கோணலா என்பதெல்லாம் பறக்கும்போது பார்த்தால்தான் தெரியும். விழுந்ததைக் கையில் எடுத்தால்தான் திருத்த முடியும். பனந்தோப்புக்கு அப்பால் மறைந்த வாணம் யாருக்கு என்ன கற்பிக்கும்?

நெசவாளர் வீட்டுச் சிறுமி ஒருத்திக்கு இது உடனே விளங்கிற்று. "தறியிலும் அப்படித்தான், ஸார். அறுந்த இழை கண்ணில் பட்டால்தானே பிணைக்கலாம்?" என்றாள்.

அன்று அவளுடைய வாணம் தென்னை உயரங்கூடப் போகவில்லை. பக்கவாட்டில் சுழன்று விழுந்தது. மறுநாள் சிறகைத் திருத்திக்கொண்டு வந்தாள். நேரே போயிற்று.